ஜிமிக்கிச் செடிக்குக் கவாத்து

என் வீட்டு ஓரத்தில் நின்ற ஜிமிக்கிச் செடி அன்னக்கிளி அக்காவின் அசதியை வாங்கிக்கொண்டது ஒரு புதன்கிழமை சாயங்காலம். பறித்த தேயிலையை எடை போட்டுவிட்டு எல்லோரும் காட்டிலிருந்து திரும்பும் நேரம், மழை விட்டு மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா என் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஏழாம் நம்பர் காட்டின் செங்குத்துச் சரிவில் காலையிலிருந்து நின்றவள், படியில் கால் வழுக்கி, விழாமல் இருக்கக் கையில் கிடைத்த கிளையைப் பிடித்தாள். பிடித்தவுடன் அந்தக் கிளையில் மூடியிருந்த ஒரு மொட்டு அவள் கண்ணெதிரே விரிந்து, மேலே சிவப்பும் உள்ளே கத்தரிப்பூ நிறமுமாகத் தலைகீழாகத் தொங்கியது. அக்கா நிமிர்ந்தாள். வீட்டுக்குப் போனாள். இரண்டு கம்பளிகளைத் துவைத்தாள், பள்ளத்தில் இறங்கி ஒரு கட்டு விறகு கொண்டுவந்தாள், சட்னி அரைத்தாள், அரைக்கும்போது பாடினாள்.

நான் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, மாத்திரை கீத்திரை போட்டியா?"

"மாத்திரையும் இல்ல, மண்ணும் இல்ல. உன் செடியப் பிடிச்சேன். அது வாங்கிக்கிச்சு."

"எதை?"

"அசதியைத்தான்டி. வேற என்ன இருக்கு எங்கிட்ட வாங்குறதுக்கு?"

எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டிய எங்கள் லைனில் தகரம் போட்ட முப்பத்தெட்டு வீடுகள். காட்டெருமை வந்து குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால், பெண்கள் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு அது குடித்து முடிக்கக் காத்திருப்போம். அப்படிப்பட்ட இடத்தில், ஒரு செடி ஒருத்தியின் அசதியை வாங்கிக்கொண்டது என்றால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. எத்தனை மணிக்கு வந்தால் நமக்கும் வாங்கும் என்று மட்டும் கேட்டார்கள்.

அந்தச் செடி எனக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். துரை பங்களாவில் புதிதாக வந்த மேனேஜர் புல் வளர்க்க ஆசைப்பட்டு, இருந்த பூச்செடிகளையெல்லாம் பிடுங்கச் சொன்னார். தோட்டக்கார யோசேப்பு பிடுங்கியதில் ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அவர் அதை ஃபூஷியா என்று ஏதோ வாய்க்குள் சொன்னார். காதில் போட்டுக்கொள்கிற ஜிமிக்கி மாதிரி இருந்ததால் நாங்கள் ஜிமிக்கிச் செடி என்றோம். அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் யோசேப்பு சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இது பனியத் தாங்குற வகைம்மா. மேல செத்தாலும் கீழ சாகாது. ஒரு சாண் ஆழமா வை, பாதித் தண்டு மண்ணுக்குள்ள போகட்டும். உச்சி வெயில் ஆகாது, காலை வெயில் போதும். வேர்ல தண்ணி தேங்கக் கூடாது, காயவும் கூடாது. முக்கியமா ஒண்ணு, பனிக்காலத்துல இலையெல்லாம் கொட்டிக் குச்சியா நிக்கும், அசிங்கமா இருக்கேன்னு வெட்டிப்புடாதே. அந்தக் குச்சிதான் அதுக்குக் கம்பளி. பங்குனியில கணுவுல சிவப்பா முளை தெரியும், அப்ப வெட்டு. உள்ள ஓட்டைக் குச்சிம்மா அது. முன்னாடியே வெட்டினா ஓட்டை வழியா பனி வேருக்கு இறங்கிடும்."

சொன்னபடி செய்தேன். டீத்தூள் சக்கையும் சாணியும் போட்டேன், பனிக்காலத்தில் காலடியில் காய்ந்த பெரணியைக் குவித்தேன். எதைச் செய்தாலும் இது சரிதானா, அது சரிதானா என்று மனசு அரிக்கிற ஜென்மம் நான். என் வீட்டுக்காரர் குழந்தைவேலு, "அந்தச் செடிக்கு நீ கவலைப்படுற அளவுக்கு எனக்குப் பட்டிருந்தா நான் இந்நேரம் ஆபீசர் ஆயிருப்பேன்" என்பார். நாலாம் வருஷம் அது என் தோளுக்கு மேலே வளர்ந்து நின்றது. அந்த வருஷம்தான் அன்னக்கிளி அக்கா கால் வழுக்கினாள்.

வியாழக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். வெள்ளிக்கிழமை லைன் முழுக்க வந்தது. வந்தவர்கள் கூடையை இறக்கி, கையைத் துடைத்து, ஒரு கிளையைப் பிடித்துக் கண்ணை மூடினார்கள். ஒரு மொட்டு விரிந்தது, எழுந்து போனார்கள். தொழிற்சங்கத் தலைவர் தவசியண்ணன் பார்த்தார், இப்படியே விட்டால் அடிதடியாகும் என்று வீட்டு நம்பர்படி வரிசை வைத்தார். ஆளுக்கு ஒரு மொட்டு, காட்டு வேலை அசதிக்கு முதல் இடம், ஃபேக்டரி வேலை அசதிக்கு அடுத்த இடம், குடித்துவிட்டு வந்த அசதிக்கு இடமில்லை என்று அட்டையில் எழுதிக் கட்டினார். கோயில் பூசாரி மஞ்சள் துணி சுற்றினார். சர்ச் உபதேசியார், எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் தொட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிரசங்கம் செய்தார், கேட்டவர்களும் தூங்கவில்லை. டிஸ்பென்சரியில் வலி மாத்திரை டப்பாவில் தூசி படிந்தது. லைனில் சண்டை குறைந்தது. வெகு நாளாகப் பேசாத இரண்டு அண்ணன் தம்பிகள், களைப்பு இல்லாததால் எதற்காகப் பேசாமல் இருந்தோம் என்பதை மறந்துபோய்ப் பேசினார்கள்.

களைப்பில்லாத கை நிறைய இலை பறித்தது. பதினெட்டு கிலோ எடுத்தவள் இருபத்தைந்து எடுத்தாள். மூன்று மாதம் பார்த்த மேனேஜர், இனி ஆளுக்கு இருபத்தைந்து கிலோதான் கணக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார். அதைப் படித்துவிட்டு எல்லோரும் சத்தம் போட்டார்கள், சத்தம் போட்ட அசதியையும் அன்று சாயங்காலம் கொண்டுவந்து செடியில் வைத்தார்கள்.

என் அசதியை மட்டும் அது வாங்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமையே எல்லோரும் போனபிறகு நான் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் விரியவில்லை. வேறு கிளையைப் பிடித்தேன், இரண்டு கையாலும் பிடித்தேன், நெற்றியை வைத்துப் பார்த்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. எனக்குக் காய்ச்சல் அடித்த ஒரு நாள், அன்னக்கிளி அக்கா பாவம் பார்த்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்குச் சாயங்காலம் செடி அவள் அசதியை வாங்கவில்லை. மறுநாளும் இல்லை. பதினைந்து நாள் அவள் தன் அசதியைத் தானே சுமந்தாள். ஆயுசு முழுக்கச் சுமந்ததுதான், ஆனாலும் அந்தப் பதினைந்து நாளில் அவள் மூன்று முறை அழுதாள். பதினாறாம் நாள் மொட்டு விரிந்ததும் செடியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றுகிற கையிலிருந்து செடி வாங்காது, ஊற்றி நிறுத்தினால் பதினைந்து நாளுக்குப் பிறகு வாங்கும் என்று லைனுக்குத் தெரிந்துபோனது. அதற்குப் பிறகு என் வாளியை யாரும் தொடவில்லை. குழாயடியில் என் வாளி இருந்தால் காலால்கூடத் தள்ளாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நீ அதுக்குத் தாய் மாதிரிடி பவளம்" என்றாள் அன்னக்கிளி அக்கா. பவளக்கொடி என்கிற என் பேரை அவள் எப்போதும் முழுசாகச் சொன்னதில்லை. "பிள்ளை தாயோட சுமைய எங்க வாங்குது?"

"அப்படிப்பட்ட பிள்ளை எனக்கு ஏற்கெனவே திருப்பூர்ல ஒண்ணு இருக்குக்கா. இன்னொண்ணு எதுக்கு?"

சுமை ஏற ஏறச் செடிக்குத் தாகம் ஏறியது. ஒரு வாளி மூன்றாகி, மூன்று ஆறாகி, மழை நாளிலும் ஊற்ற வேண்டி வந்தது. பனிக்காலத்தில்கூட அது முன்போல இலை கொட்டித் தூங்கவில்லை, பூத்துக்கொண்டே இருந்தது. உதிர்ந்த பூவைக் கூட்டுவதும் என் வேலைதான். கட்டைவிரல் அளவுப் பூ, தூக்கினால் படிக்கல் கனம். நாலு பூவுக்கு மேல் முறத்தில் அள்ள முடியாது. கிளைகளுக்கு முட்டுக்கொடுத்தேன். காலையில் எழுந்து தண்ணீர், காட்டில் இருபத்தைந்து கிலோ, வந்தவுடன் கூட்டல், பிறகு சோறு. என் முதுகில் ஒரு கூடை எப்போதும் இருந்தது, இறக்கிவைத்த பிறகும் இருந்தது. லைனில் எல்லோர் முகமும் தெளிந்துகொண்டே வர, அவர்களெல்லாம், "பவளத்துக்கு மட்டும் ஏன் இப்படி வயசாகுது?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்கள்.

இப்படி இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் ஐப்பசியில் என் மகள் நிரோஷா திருப்பூரிலிருந்து போன் பண்ணினாள். பனியன் கம்பெனியில் வேலை செய்து, அங்கேயே ஒரு பையனைக் கட்டிக்கொண்டவள். மாமியார் இல்லாத வீடு. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்றாலும், கால் வீக்கமும் ரத்தக் கொதிப்பும் இருப்பதால் மலை வளைவுகளில் வரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அம்மா, தை பொறந்தவுடன தேதி. நீ மார்கழியிலேயே வந்துடு. வருவேல்ல?"

"வராம?"

"உன் செடிய விட்டுட்டு நீ எங்க வருவே. எங்க கல்யாணத்தன்னிக்கே சாயங்காலம் திரும்ப பஸ் ஏறிட்டே."

போனை வைக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். மூன்று மாதம் நான் போயாக வேண்டும். என் பிள்ளை தனியாகக் கிடக்கும்போது நான் வாளி தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அதற்கு மேல் எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். நான்தான் கேட்டேன். முப்பத்தெட்டு வீடு இருக்கிறது, வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுங்கள், ஆளுக்குப் பதினைந்து நாள்தான் கஷ்டம், பிறகு அடுத்த முறை வரும்வரை செடி வாங்கும் என்றேன். நான் பேசி முடித்ததும் ஒவ்வொருத்தரும் முட்டியையும் இடுப்பையும் தடவ ஆரம்பித்தார்கள்.

"எனக்கு முட்டி தேஞ்சிருச்சு" என்றாள் ஒருத்தி.

"எனக்குத் தேய முட்டியே இல்ல" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"பதினஞ்சு நாள் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்" என்றாள் அன்னக்கிளி அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஃபேக்டரியில் இலை வாடப்போடும் பகுதியில் வேலை செய்கிறவர். "எனக்கு எட்டு மணி நேரம் நின்னுகிட்டே வேலை" என்றார். நான் என்னவோ படுத்துக்கொண்டே இலை பறிக்கிற மாதிரி.

அப்போதுதான் தவசியண்ணன் எழுந்தார். "எதுக்கு இவ்வளவு பேச்சு? கவாத்து பண்ணிடுவோம்" என்றார்.

தேயிலைக்காரர்களுக்கு எல்லாவற்றுக்கும் கவாத்துதான் மருந்து. செடி கிழடு தட்டினால் கவாத்து, நோய் வந்தால் கவாத்து, கைக்கு எட்டாமல் வளர்ந்தால் கவாத்து. முட்டி உயரத்துக்கு வெட்டிப் போட்ட தேயிலை கொஞ்ச நாள் செத்த மாதிரி நிற்கும், பிறகு முன்பைவிட அடர்ந்து எழும். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்தது அது ஒன்றைத்தான்.

"வெட்டிப்புட்டா மூணு மாசம் தூங்கும். தண்ணியும் கேக்காது, பூவும் கொட்டாது. தங்கச்சி பேத்தியையோ பேரனையோ தூக்கிட்டு வந்து சேரும்போது பொலபொலன்னு தளிர்த்து நிக்கும். என்ன சொல்றீங்க?"

கை தட்டினார்கள். நான், யோசேப்பு சொன்னது, குச்சி, ஓட்டை, பனி என்று ஆரம்பித்தேன்.

"யோசேப்பு பூவுக்குக் காவல் இருந்தவன்" என்றார் தவசியண்ணன். "நான் முப்பத்திரண்டு வருஷம் கவாத்துக் கத்தி பிடிச்சவன் தங்கச்சி."

நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். உரக்கச் சொல்லியிருக்கலாம், குறுக்கே நின்றிருக்கலாம். எனக்குத் தெரியும், அங்கே தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆனால் எனக்கு அசதியாக இருந்தது, மார்கழியில் பஸ் ஏற வேண்டியும் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கார்த்திகைக் கடைசியில் வெட்டினார்கள். தவசியண்ணன் கத்தியைக் கல்லில் தீட்டி, முட்டி உயரத்தில், சாய்வாக, பார்க்க அழகாகத்தான் வெட்டினார். விழுந்த கிளைகளைப் பள்ளத்துக்கு இழுத்துப்போக எட்டு ஆள் தேவைப்பட்டது. வெட்டிய குச்சிகள் ஒவ்வொன்றும் வெள்ளையாக, நடுவில் துவாரத்தோடு, வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருந்தன. "காஞ்ச மிலார்க் குச்சி போட்டு மூடிடுங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறினேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

திருப்பூரில் ஒரே அறை, மேலே ஷீட், பக்கத்து வீட்டுத் தையல் மிஷின் காலை முதல் இரவு வரை ஓடும். தை மூன்றாம் தேதி பெண் குழந்தை. பிள்ளை பால் குடிக்க மாட்டேன் என்று ஒரு வாரம் அழுதது, நிரோஷாவும் அதோடு சேர்ந்து அழுதாள், தையல் பிரிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெந்நீர் வைத்தேன், பத்தியச் சோறு வடித்தேன், துணி அலசினேன். என் மகள் என் மடியில் தலை வைத்து, "அம்மா, அசதியா இருக்கும்மா" என்பாள். அங்கே செடி இல்லை, நான்தான் இருந்தேன். அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டிருப்பேன், அவள் தூங்கிப்போவாள், எனக்குத் தோளில் இன்னும் கொஞ்சம் கனம் ஏறும். அந்தக் கனத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை எனக்கு முணுமுணுப்பு இல்லை.

பங்குனி பிறந்து திரும்பினேன். பஸ் நிறுத்தத்தில் அன்னக்கிளி அக்கா கூடையைப் பக்கத்தில் வைத்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வந்துட்டியாடி. பிள்ளை யாரு மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

மார்கழி பாதியில் உறைபனி விழுந்திருக்கிறது. இருபது நாள் விடாமல் விழுந்திருக்கிறது. புல் மேலே உப்பு கொட்டிய மாதிரி வெள்ளை, குழாய்க்குள் தண்ணீர் கட்டி. செடியின் குச்சிகள் கறுத்து, பட்டை உரிந்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. மிலார் யாரும் போடவில்லை. தை முடிந்தது, மாசி முடிந்தது, ஒரு தளிர் இல்லை. ஆனால் நோட்டீஸ் போர்டில் இருபத்தைந்து கிலோ அப்படியே இருந்தது. பழைய பதினெட்டு கிலோ அசதியே தாங்காதவர்கள் இருபத்தைந்து கிலோ அசதியைச் சுமந்துகொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், சுவரைப் பிடித்து நடந்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் பழைய சண்டை ஞாபகம் வந்துவிட்டது. டிஸ்பென்சரியில் மாத்திரை இல்லை.

தவசியண்ணன் குழாயடியில் என்னைப் பார்த்தார். "உன் செடி செத்துப்போச்சு தங்கச்சி" என்றார்.

இரண்டு வருஷமும் அது நம்ம லைன் செடியாக இருந்தது. செத்தபிறகு என் செடியாகிவிட்டது.

மறுநாள் காலை எல்லோரும் காட்டுக்குப் போனபிறகு, கரண்டியை எடுத்து மண்ணைக் கிளறினேன். யோசேப்பு சொன்ன ஒரு சாண். கறுத்த தண்டை ஒட்டியே தோண்டத் தோண்ட, கறுப்பு பழுப்பாகி, பழுப்பு பச்சையாகி, அடியில் ஒரு கணுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஒரு முளை இருந்தது.

சுண்டுவிரலை வைத்தேன். நான் தண்ணீர் ஊற்றி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. திருப்பூரிலிருந்து வந்த பஸ்ஸின் குலுக்கல் முழுக்க என் இடுப்பிலிருந்து இறங்கிப் போனது. முளை லேசாகத் தலை சாய்ந்து, ஓர் இலையை விரித்தது. விரலை எடுத்துவிட்டேன். இவ்வளவு சின்னதன் மேல் மற்றதையெல்லாம் எப்படி வைப்பது?

சாயங்காலம் எடை போடும் இடத்துக்கே போய்ச் சொன்னேன். "செடி உசுரோட இருக்கு. இனிமே நான் தண்ணி ஊத்த மாட்டேன்."

"ஊத்தாட்டி?" என்றார் தவசியண்ணன்.

"செத்துரும். அப்பவும் அது என் செடிதான்னு சொல்லுங்க, நானே எடுத்துப் பள்ளத்துல போட்டுடுறேன்."

அன்றைக்கு யாரும் வரவில்லை. மறுநாள் பங்குனி வெயில் தகரத்தைப் படபடவென்று வெடிக்கவைத்தது. நான் வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து அந்த இலை துவள்வதைப் பார்த்தேன். என் கை தானாக வாளியைத் தேடியது, கையை முந்தானையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். காட்டிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலிருந்தும் நான் எழுந்திருப்பேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் கவலைப்படுகிறவள், எழுந்துவிடுவாள் என்று எல்லோருக்கும் நம்பிக்கை இருந்தது. எனக்கே இருந்தது. இரண்டாம் நாளும் எழவில்லை. எனக்கு எப்படி அது முடிந்தது என்று தெரியவில்லை, ஒருவேளை எழக்கூட முடியாத அளவு அசதியாக இருந்திருக்கலாம்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்கு லீவு. மத்தியானம் ஃபேக்டரியில் காலை ஷிப்டு முடிந்து குழந்தைவேலு வந்தார். தலையிலும் புருவத்திலும் டீத்தூள். வாசலில் என்னைப் பார்த்தார், துவண்ட முளையைப் பார்த்தார், என் முந்தானை முடிச்சைப் பார்த்தார். உள்ளே போவார் என்று நினைத்தேன். வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அந்த வாளியை அவர் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கொண்டுவந்து, உயரத்திலிருந்து, தடதடவென்று கொட்டினார்.

"தலையில ஊத்தாதீங்க. வேர்ல ஊத்துங்க, மெதுவா."

குனிந்து, கையால் அள்ளி அள்ளி ஊற்றினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, ஷிப்டு முழுக்கச் செய்த வேலை அவர் முகத்திலேயே நிற்க, "பதினஞ்சு நாளா?" என்றார்.

"பதினஞ்சு நாள்."

"நாளைக்கு யாரு?"

பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. "நான்தான் வேற யாரு" என்றாள் அன்னக்கிளி அக்கா. "பதினஞ்சு நாளைக்கு என் வீட்டுல பாட்டுச் சத்தம் கேக்காது, இப்பவே சொல்லிட்டேன்." அவளுக்கு அடுத்த வீடு தவசியண்ணனுடையது. அந்தச் சன்னல் திறக்கவில்லை, ஆனால் அவர் பெண்சாதி உள்ளே யாரையோ, "நாளைக்கழிச்சு நம்ம முறை, கேட்டுச்சா?" என்று அதட்டுவது கேட்டது.

நான் முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசி போடவில்லை. வெயில் வாசலில் பாதி தூரம் வந்திருந்தது, அதன் ஓரமாகப் பாயை விரித்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதல் முறையாக, பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன்.